கேட்காமல் நேர்ந்துகொடுத்த மகனுக்கு

பாலவாக்கம்,
சென்னை.
18-11-74

அன்பு மகன் ஜவஹருக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அம்மாவும் இங்கே சுகம், என் இடது முழங்காலைத் தவிர. நீயும் ஜெசிந்தாவும் பேத்தி தங்கமும் ஸாம்பியாவில் அந்தக் கிட்வே ஊரில் சுகமாக இருப்பதாக உன் அக்டோபர் கடிதத்தில் படித்துச் சந்தோஷப்பட்டோம். பதினோரு நாளில் வந்திருக்கிறது, முத்திரையைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். ஊழியத்துக்கு வருமுன் ஒன்பது வருஷம் மயிலாப்பூர் தபாலாபீசில் கடிதம் பிரித்தவனுக்கு அந்தப் புத்தி எங்கே போகும். மேலே விலாசம் மாறியிருப்பதைப் பார்த்துப் பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, எல்லாம் வரிசையாகச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தில் ஒரு வசனம்கூட வரக்கூடாது என்று உன் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். எட்டு வருஷமாக மாதம் ஒரு கடிதம் எழுதுகிறீர்களே, அத்தனையும் பிரசங்கக் குறிப்பு, பிள்ளை முழுக்கப் படிக்கிறானோ பாதியில் மடித்து வைக்கிறானோ, ஒரு தடவையாவது தகப்பனாக எழுதுங்கள் என்கிறாள். பக்கத்திலேயே இறால் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் வாங்கிப் பார்க்கப்போகிறாளாம். ஆகையால் தாளில் இறால் வாசனை அடித்தால் நான் பொறுப்பில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் இருபத்தேழாம் தேதி, சபையின் ஆண்டு ஆராதனை அன்று, சாந்தோம் கேரீத் ஜெபாலயத்தை மாசிலாமணியின் கையில் ஒப்படைத்துவிட்டேன். இனி அவர்தான் பாஸ்டர், நான் சும்மா அய்யாதுரை. மாசிலாமணியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புயலில் நம் கூரை பறந்த வருஷம் குப்பத்திலிருந்து வலைக்கயிற்றோடு வந்து ஓலையை இழுத்துக் கட்டினவர், கட்டி முடித்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து பாட்டுக் கேட்டார், அப்புறம் எழுந்து போகவே இல்லை. அந்தச் சமயம் உன்னைக் கட்டுமரத்தில் ஏற்றிக்கொண்டு போனதற்காக நான் அவரைத் திட்டி உன்னை அடித்தேன், உனக்கு மறந்திருக்காது. எழுத்துத் தெரியாதவர், உன் அம்மாதான் உன்னுடைய பழைய மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். இன்றைக்கு அவர் பேச எழுந்தால் பின்வரிசையில்கூட யாரும் தூங்குவதில்லை. என் பிரசங்கத்தில் யார் யார் எத்தனையாவது நிமிஷத்தில் தூங்குவார்கள் என்று எனக்கு வரிசையாகத் தெரியும். பத்து வருஷமாக எனக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்கும் கல்லறைக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஓடினவர் அவர்தான். ஆனாலும் அவருக்கு ஒரு பட்டமும் கொடுக்காமல் வைத்திருந்தேன். ஏன் என்று சபையில் எல்லாருக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

மூப்பர்கள் கூட்டத்தில் இதை நான் சொன்னபோது லேசில் நடக்கவில்லை. தியாகராய நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறாரே நம் ஊர்ப்பக்கத்து வெள்ளைச்சாமி, இப்போது அவர்தான் மூத்த மூப்பர், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஐயா, ஆழ்வார்பேட்டைப் பக்கத்துலருந்து படிச்ச குடும்பம் ரெண்டு வந்து உக்காந்தா, கர்த்தர் இன்னா சொல்றாருன்னாக்கா என்று இவரு ஆரம்பிச்சா அவுக மறுவாரம் வருவாகளா என்று கேட்டார். அடுத்தபடியாக, மாசிலாமணியின் மனைவி தேசம்மா காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு மந்தைவெளித் தெருக்களில் மீன் விற்கிறாளே, பாஸ்டரம்மா அப்படிப் போகலாமா என்றார். தேசம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். விறுவிறு என்று உள்ளே வந்து, மூப்பரே, ஞாயித்துக்கெழம மத்தியானம் நீங்கோ துன்ற வஞ்சிரம் என் கூடையில வந்ததுதான், அப்போ ஒங்களுக்கு கஷ்டமா இல்லியே, ஏசுகூட இருந்தவங்கோ பாதிப்பேரு வலை இஸ்தவங்கதான, நா கூடைய எறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வெள்ளைச்சாமியைத் தவிர எல்லாரும் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்காமல் என்னையே பார்த்து, அதெல்லாம் கெடக்கட்டும்யா, இந்த எடம் ஜவஹருக்குன்னு மைக்குல சொன்னது நீங்கதான, கர்த்தருக்குப் பண்ணின பொருத்தனை என்னாச்சு என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அந்தப் பதிலைச் சொல்ல வேண்டிய இடம் அந்தக் கூட்டம் இல்லை என்று தோன்றியதால் ஜெபம் பண்ணிக் கூட்டத்தை முடித்துவிட்டேன்.

ஜவஹர், எழுதக் கஷ்டமான பகுதி இதுதான். உனக்கு ஐந்து வயதில் டைபாய்டு வந்து இருபத்திரண்டு நாள் ஜுரம் இறங்கவில்லை, டாக்டர் கையை விரித்துவிட்டார். உன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் விழுந்து, இந்தப் பிள்ளையைத் திருப்பித் தந்தால் உமது ஊழியத்துக்கே கொடுத்துவிடுகிறேன், எனக்குப் பிறகு இவன் இந்தச் சபையில் நிற்பான் என்று பொருத்தனை பண்ணினேன். மொட்டை போடுவதாகவும் மெழுகுவர்த்தி ஏற்றுவதாகவும் மற்றவர்கள் நேர்ந்துகொண்டால் நம் ஜனங்கள் பிள்ளையையே நேர்ந்துகொள்வார்கள், நம் சபையில் அது பெரிய காரியமே இல்லை. நீ பிழைத்தாய். அதை என் மனசோடு வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் உன்னை முன்னால் முழங்கால் போடவைத்துச் சபை முழுக்க உன் தலையில் கை வைக்கச் செய்தேன். பந்து விளையாடப் போனால் பாஸ்டராகப் போகிறவனுக்குப் பந்து எதற்கு என்றேன். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கி வந்தபோதுகூடக் கணக்கு எதற்கு என்றுதான் கேட்டேன், ஒரு தட்டு தட்டிக்கொடுக்கவில்லை. அறுபத்தாறில் ஆண்டு ஆராதனையில் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், எனக்குப் பிறகு இந்தச் சபைக்கு என் மகன் ஜவஹர் என்று மைக்கில் அறிவித்தேன். எல்லாரும் ஆமென் என்றார்கள். நீ தலையைக் குனிந்துகொண்டாய், நான் அதைத் தாழ்மை என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். ஐந்து மாதத்தில் நீ ஸாம்பியாவில் வாத்தியார் வேலை வாங்கிக்கொண்டு சென்ட்ரலில் பம்பாய் ரயில் ஏறிவிட்டாய். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்து, அப்பா, ஜுரத்துல கெடந்தவன எழுப்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றாய். நான் அதற்கும் ஒரு வசனம் சொன்னேன். வண்டி புறப்பட்டுவிட்டது.

அதற்குப் பிறகு உனக்கு இரண்டு தடவை லீவு வந்தது, இரண்டு தடவையும் நீ வரவில்லை. ஒரு தடவை நீர்வீழ்ச்சி பார்க்கப் போனதாகப் படம் அனுப்பினாய். உன் அம்மா அந்தப் படத்தை வைத்துக்கொண்டு, அத்தனை தண்ணீரை விட்டுவிட்டு உன் முகத்தை மட்டும் தேடிக்கொண்டிருந்தாள், நீ அதில் ஒரு நெல் அளவுதான் தெரிந்தாய். ஐயா வயசாகுது, யாரையாவது காட்டுங்க என்று மூப்பர்கள் கேட்கும்போதெல்லாம் பொறுங்கள் பொறுங்கள் என்றேன். காத்திருப்பதுதான் விசுவாசம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது வீம்பு. சொன்ன சொல்லைச் சபை முன்னால் மாற்றிச் சொல்ல வேண்டுமே என்கிற வெட்கம்.

இந்த ஜூன் மாதம் மாசிலாமணியின் கடைசிப் பெண், ஏழு வயது, மஞ்சள்காமாலையில் விழுந்தாள். கண்ணெல்லாம் மஞ்சள், பிள்ளை தண்ணீர்கூட இறக்கவில்லை. தேசம்மா ஓடி வந்து, ஐயா, இவளை ஊழியத்துக்கு நேர்ந்துக்குறேன், வந்து ஜெபம் பண்ணுங்கோ என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். எத்தனையோ வீட்டில் நான் பண்ணிவைத்த ஜெபம்தான். பிள்ளையின் தலையில் வைக்கக் கையைத் தூக்கினேன், மாசிலாமணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இருபது வருஷத்துக்கு மேல் என் முன்னால் உட்காரக்கூடக் கூச்சப்பட்ட மனுஷன். ஐயா, நேர்ந்துக்கணும்னா என்னை நேர்ந்துக்கோங்கோ, நான் பெரியாளு, எனுக்கு சம்மதம், கொழந்த இன்னா பண்ணுச்சு, அத்தக் கேக்காம அதும் பேருல நா எப்டி கையெழுத்துப் போடுறது என்றார். அவர் என்னைக் குத்திப் பேசவில்லை, அவருக்கு அந்தப் புத்தியே கிடையாது, தன் பிள்ளையைப் பற்றி மட்டும்தான் பேசினார். சுகம் தாரும் என்று மட்டும் ஜெபித்துவிட்டு வெளியே வந்து, கரையில் ஏற்றிக் கிடந்த ஒரு படகின்மேல் உட்கார்ந்தேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. முப்பத்தாறு வருஷம் ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவனுக்கு இது தெரியவில்லை. வெட்கத்தில் அழுதேன் மகனே, மீன்காரப் பெண்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னால், இதைத்தானே முப்பது வருஷமாக நான் சொல்கிறேன், மாசிலாமணி சொன்னால்தான் உங்கள் காதில் ஏறுமோ என்று முதலில் கோபித்தாள், அப்புறம் அவளும் அழுதாள். அந்தப் பெண் மூன்று வாரத்தில் எழுந்துவிட்டாள், இப்போது வாயாடித்தனம் தாங்கவில்லை.

அன்றே முடிவு பண்ணிவிட்டேன், இனி யாருக்காகவும் காத்திருக்கப்போவதில்லை என்று. ஆண்டு ஆராதனை அன்று நல்ல மழை, குடை வைக்க இடமில்லை, வாசல் வரை ஜனம். மாசிலாமணி தோய்த்த வெள்ளைச் சட்டை போட்டு, மழையிலும் வேர்த்துக்கொண்டு நின்றார். சாவியையும் ஞானஸ்நானப் பதிவேட்டையும் எண்ணெய்க் குப்பியையும் அவர் கையில் கொடுத்து, தலையில் கை வைத்து ஜெபித்தேன். கொடுக்கும்வரை ஒன்றும் தெரியவில்லை, கொடுத்தபின் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு மைக்கைப் பிடித்தேன். எட்டு வருஷத்துக்கு முன் இதே மைக்கில் ஒன்று சொன்னேன், மைக்கில் சொன்னதை வீட்டுக்குள் மாற்றிச் சொன்னால் நியாயமாகாது, அதனால் உங்கள் முன்னால் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். என் மகன் ஜவஹரை அவனைக் கேட்காமல் கொடுத்தேன், கொடுக்க எனக்கு உரிமை இல்லை, அவன் என் பொருள் இல்லை, அந்தப் பொருத்தனையிலிருந்து அவனை இன்றைக்கு விடுவிக்கிறேன், அவன் வாத்தியாராக இருக்கட்டும், நல்ல வாத்தியார் என்று கேள்விப்படுகிறேன் என்றேன். வெள்ளைச்சாமி எழுந்துவிட்டார். ஐயா, கர்த்தருக்குக் கொடுத்தத மனுஷன் திருப்பி வாங்கக்கூடாது, நாளைக்கு அவரு கேப்பாரு என்றார். கெட்ட எண்ணம் இல்லை ஜவஹர், உண்மையிலேயே பயந்துதான் சொன்னார், எனக்கும் பயம் இருந்தது. கேட்கட்டும் மூப்பரே, என்னைக் கேட்கட்டும், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், பிள்ளையைக் கேட்க வேண்டாம் என்றுதான் இத்தனை மாதமாக அவரிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அப்போது மாசிலாமணி மைக்குக்குப் பக்கத்தில் வந்து, அன்னிக்கு ஐயா சொன்னப்போ அல்லாரும் ஆமென் சொன்னோமில்ல, நானுந்தான் சொன்னேன், இன்னிக்கும் ஐயாதான் சொல்றாரு, ஆமென் சொல்லுங்கோ என்றார். பாஸ்டராக அவர் பேசின முதல் பேச்சு அதுதான். முதலில் பெண்கள் பக்கமிருந்து உன் அம்மாவின் குரல் தனியாக வந்தது, அப்புறம் தேசம்மா, அப்புறம் சபை முழுக்க. வெள்ளைச்சாமி சொன்னாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆராதனை முடிந்து என் செருப்பைத் தேடி எடுத்து வைத்தது அவர்தான்.

மறுவாரம் ஒரு கூத்து நடந்தது. ஆண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் சாதாரண ஆளாக உட்கார்ந்திருந்தேன். கடைசி ஜெபம் முடிந்ததும் முப்பத்தாறு வருஷப் பழக்கம், நான் என்னை அறியாமல் எழுந்து இரண்டு கையையும் தூக்கி ஆசீர்வாதம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். பாதியில்தான் நான் பீடத்தில் இல்லை என்று உறைத்தது. நிறுத்தவும் முடியவில்லை, முடிக்கவும் கூச்சம். மாசிலாமணி பீடத்தில் தலை குனிந்து நின்று, நான் முடிக்கும்வரை காத்திருந்து, ஆமென் சொல்லிவிட்டு அப்புறம் அவருடைய ஆசீர்வாதத்தைச் சொன்னார். எல்லாரும் இரண்டு ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு போனார்கள் என்று உன் அம்மா கேலி பண்ணினாள். ஆனால் எனக்கு ஒன்று புரிந்தது, நான் அங்கே இருக்கும்வரை ஜனங்கள் அவர் கையைப் பார்க்கமாட்டார்கள். சபைக்குப் பின்னால் உள்ள வீட்டில் நான் இருந்தால் பிள்ளைக்குப் பேர் வைக்கவும் என் கதவைத்தான் தட்டுவார்கள். அதனால் மூன்றாம் நாளே அந்த வீட்டை அவருக்கு விட்டுவிட்டு, அடையாறு தாண்டி இந்தப் பாலவாக்கத்துக்கு வந்துவிட்டோம். ஆறு மாதத்துக்குச் சபைப் பக்கம் வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். தேசம்மா வண்டிக்குப் பின்னால் சாலை முனை வரை அழுதுகொண்டே வந்தாள்.

அப்துல் கரீம் பாய் என்கிறவருடைய தோட்டத்து வீடு, இரண்டு அறை, கிணறு, சுற்றிலும் தென்னை, கொஞ்ச தூரத்தில் கடல். நல்ல மனுஷர், பெருமழை பெய்த அன்று வந்து உடைந்த ஓடுகளை மாற்றிக்கொடுத்தார். ஒரு குறையும் இல்லை, ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை ஜவஹர், உன்னிடம் மறைப்பானேன். சாந்தோமில் மாதா கோயில் மணி அடித்தால் எழுந்திருப்பேன், அது நம் மணி இல்லை என்றாலும் அதுதான் என் கடிகாரம். இங்கே எந்த மணியும் இல்லை, விழித்துக்கொண்டு கிடக்கிறேன். சனிக்கிழமை வந்தால் கை தானாக நோட்டை எடுக்கிறது, எழுத ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் உன் அம்மாவும் இரண்டே பேர் பாட்டுப் பாடுகிறோம், இரண்டு குரலுக்கு வீடு ரொம்பப் பெரிதாக இருக்கிறது. இந்நேரம் யார் யார் வந்திருப்பார்கள், யார் லேட்டாக வருவார்கள் என்று அவள் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே வருவாள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். சபைக்கும் உனக்கும் ஒரே வயது, முப்பத்தாறு. இரண்டையும் கையை விட்டுவிட்டு இப்படி உட்கார்ந்திருக்கிறேனே என்று ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னேன். ஒன்றை நீங்களாகக் கொடுத்தீர்கள், இன்னொன்றைத் துரத்திவிட்டீர்கள், இரண்டையும் சேர்த்துச் சொல்லாதீர்கள் என்றாள் உன் அம்மா. அவள் சொல்வது சரிதான்.

ஜெசிந்தாவுக்கு என் அன்பைச் சொல். அவள் மாதா கோயில் பூசைக்குப் போவதைப் பற்றியும் உங்கள் கல்யாணத்தைப் பற்றியும் அறுபத்தெட்டில் நான் எழுதின கடிதத்தை நீ வைத்திருந்தால் இன்றைக்கே கிழித்துப்போடு. அவள் எந்தக் கோயிலுக்குப் போனாலும் என் மருமகள்தான், இதை அவளுக்கே எழுத வேண்டும், அடுத்த வாரம் தனியாக எழுதுகிறேன். தங்கத்துக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாயா, வந்தால் என்னோடு எந்தப் பாஷையில் சண்டை போடுவாள். தண்ணீரைக் காய்ச்சியே குடியுங்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிக்காதே, நான் உன்னை அடித்ததெல்லாம் எனக்கு இந்த ஊருக்கு வந்தபின் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. உங்கள் மூவரையும் கர்த்தர் தமது சிறகின் கீழ் வைத்துக் காப்பாராக. பதிலை மறக்காமல் பாலவாக்கத்துக்கு எழுது, பழைய விலாசத்துக்குப் போட்டால் மாசிலாமணி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவார், அவருக்கு இப்போது வேலை அதிகம்.

அடுத்த வருஷம் உனக்கு லீவு வருகிறது. வா மகனே. இங்கே உனக்காக யாரும் ஒரு இடத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. உன்னை யாரும் முன்னால் கூப்பிட்டு முழங்கால் போடச் சொல்லமாட்டார்கள், தலையில் கை வைக்கமாட்டார்கள், நான் ஒரு வார்த்தை ஊழியத்தைப் பற்றிப் பேசமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நீ இந்த வீட்டில் படுத்துத் தூங்கினாலும் சரி, நான் எழுப்பமாட்டேன், வா.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்க ஏங்கும்
அப்பா அய்யாதுரை,
படித்துப் பார்த்துச் சம்மதித்த அம்மா தங்கபுஷ்பம்.